தோண்டி மூடிய நிலத்தில் ஒரு பகல்

பழைய திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் பறவை பார்க்க, பன்னிரண்டு பேர் வருவார்கள் என்று எழுதிக் கொடுத்துத்தான் அனுமதி வாங்கியிருந்தேன். விடிவதற்கு அரை மணி முன்னால் வாயிற்கதவருகே டார்ச் அடித்துத் தலையை எண்ணினால் இருபத்திரண்டு. "நானும் வரலாமா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "வாங்க, வாங்க" என்று சொன்னது நான்தான். எத்தனை பேரிடம் அப்படிச் சொன்னேன் என்று எண்ணாததும் நான்தான். காவலர் கையிலிருந்த பட்டியலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களோடு உள்ளே வருவதாக இருந்த பெரியவர் யாருக்கோ போன் போட்டுப் பேசினார். இருபத்திரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது. அதற்குள் கிழக்கு நன்றாக வெளுத்துவிட்டது. வானம்பாடிகள் பாடுகிற முதல் இருபது நிமிடம் கதவுக்கு வெளியிலேயே கரைந்துபோனது.

அன்றிலிருந்து, ஆள் கணக்கை முந்தின நாள் இரவே பூட்டிவிடுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அடுத்த முறைதான். மனசு கஷ்டமாகத்தான் இருக்கும்.

அந்தப் பெரியவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் பல வருடம் மண் அள்ளும் பெரிய இயந்திரத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். பறவை பார்ப்பதில் அவருக்கு ஆர்வம் மருந்துக்கும் கிடையாது. தண்ணீரில் மிதந்தால் வாத்து, வானத்தில் வட்டமடித்தால் பருந்து, மற்றதெல்லாம் குருவி. இடம் தெரிந்த ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது அனுமதியில் இருந்த நிபந்தனை. அதனால் வந்தார். பறவை தெரிந்தவன் என்ற முறையில் நான் முன்னால் நடந்தேன். பகல் முடிவதற்குள், அவரை முன்னால் விட்டு நான் பின்னால் போயிருக்க வேண்டும் என்று புரிந்துவிட்டது.

கதவைத் தாண்டியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "ரெண்டா பிரிங்க தம்பி. இவ்வளவு பேரும் ஒண்ணாப் போனா குருவி உங்களைப் பார்க்கும், நீங்க குருவியைப் பார்க்க மாட்டீங்க." பதினொன்று பதினொன்றாகப் பிரித்தோம். இரண்டாவது அணிக்குப் பெரிய லென்ஸ் கேமராவோடு வந்திருந்த ஒரு தங்கை தலைமை. ஒவ்வொரு அணிக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளை 'வால்' என்று கூப்பிட்டோம். வாலுக்கு ஒரே வேலைதான், தனக்குப் பின்னால் யாரும் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது. மேடும் பள்ளமுமான இடத்தில், படம் எடுக்கக் குனிந்தவரைத் திரும்பிப் பார்த்தால் ஆளே தெரியாது. அதனால் வேகமாக நடக்கிறவரை வாலாகப் போடக் கூடாது. பொறுமைசாலியைப் போட வேண்டும்.

இந்த மாதிரி நிலம் எப்படி உருவாகிறது என்பது தெரியாமல் அதில் பறவை தேடினால் பாதி நாள் வீண். ஒரு வாரம் முன்பு இடம் பார்க்கப் போனபோது பெரியவர் ஒரு குச்சியால் தரையில் கோடு கிழித்துக் காட்டினார். முதலில் மேல்மண்ணை வழித்துத் தனியாகக் குவிக்கிறார்கள். அதற்குக் கீழே நிலக்கரி வரைக்கும் உள்ள மண், களி, பாறை எல்லாம் 'ஓவர்பர்டன்'. நிலக்கரியை எடுத்துக்கொண்டே நகரும்போது, முன்னால் வெட்டுகிற ஓவர்பர்டனைப் பின்னால் காலியான பள்ளத்தில் கொட்டுகிறார்கள். கடைசியில் அதைச் சமன்படுத்தி, மேல்மண்ணைப் பரப்பி, புல்லும் பயறு வகைச் செடிகளும் விதைக்கிறார்கள். ஆனால் வெட்டு எங்கே நின்றதோ அங்கே கொட்டுவதற்கு மண் மிஞ்சாது. அந்தக் கடைசிப் பள்ளம்தான் மழைநீரும் நிலத்தடி நீரும் சேர்ந்து ஏரியாகிறது. சுரங்கத்தில் இருந்து இறைத்த சேற்று நீரைத் தெளியவைக்கக் கட்டிய குட்டைகள் தனி. வேலை நின்ற பிறகு அவற்றில் கோரை முளைத்துச் சதுப்பாகிவிடுகிறது.

ஆக, ஒரே வளாகத்தில் மூன்று விதமான இடம்: புல்வெளி, ஆழமான ஏரி, ஆழமில்லாத குட்டை. மூன்றுக்கும் வேறு வேறு பறவை. எதற்கு எந்த நேரம் என்பதுதான் திட்டத்தின் உயிர்.

புல்வெளிக்குக் காலை. மூடிய நிலத்தில் புல் நன்றாக இருக்கும், மரம் சவலையாக நிற்கும். பெரிய இயந்திரங்கள் போய் வந்து மண்ணை இறுக்கிவிடுவதால் ஆழமாக வேர்விட முடியாது என்பது ஒரு முக்கியக் காரணம். காடு வளர்க்க நினைப்பவர்களுக்கு இது தலைவலி. தரையில் கூடு வைக்கும் புல்வெளிப் பறவைகளுக்கோ கொண்டாட்டம். அமெரிக்காவில் திறந்தவெளிச் சுரங்கம் தோண்டிய நிலத்தைச் சீர்செய்து மீட்டே ஆக வேண்டும் என்று 1977-ல் சட்டம் வந்த பிறகு, இண்டியானா போன்ற மாநிலங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் இப்படிப் புல்லாகி நின்றது. இயற்கைப் புல்வெளிகள் உழவுக்குப் போனதால் ஒடுங்கிக்கொண்டிருந்த ஹென்ஸ்லோ சிட்டுகள் அந்தச் சுரங்கப் புல்லில் குடியேறின. இதைச் சொன்னால் சிலர் 'அப்படியானால் சுரங்கம் நல்லதுதானே' என்பார்கள். இல்லை. தீப்பிடித்த வீட்டில் சட்டி பானை தப்பியது போலத்தான் இது. தப்பியதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம், தீயைப் பாராட்ட முடியாது.

புல்வெளியில் நடப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நாங்கள் முதலில் செய்தது தப்பு. எல்லோரும் மண்மேட்டின் முகட்டில் ஏறி நின்றோம், நான்கு திசையும் தெரியும் என்று. நான்கு திசையில் இருந்த பறவைகளுக்கும் வானத்தை ஒட்டி நின்ற பதினொரு மனித உருவம் தெரிந்தது. ஒரு நெட்டைக்காலிக் கூட்டம் நாங்கள் பைனாகுலரைத் தூக்குவதற்குள் எழும்பிப் போனது. பிறகு முகட்டுக்குப் பத்தடி கீழே, சரிவை முதுகுக்கு வைத்து நடந்தோம். அப்புறம்தான் கீச்சான் ஒன்று வேலிக்கம்பியில் உட்கார்ந்து வெட்டுக்கிளியைக் கிழிப்பதை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

குழுவாகப் போகும்போது பாதிச் சண்டை "எங்கே? எங்கே?" என்பதில்தான். "அந்தச் செடிக்குப் பக்கத்தில்" என்றால் அங்கே ஐந்நூறு செடி. நாங்கள் கடிகார முறைக்கு மாறினோம். நேராகத் தெரிகிற ஏதாவது ஓர் அடையாளத்தை, எங்களுக்கு ஒற்றை மின்கம்பம், பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்வது. "இரண்டு மணி, பாதித் தூரம், தரையில்" என்று சொல்வது. பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அதைவிட முக்கியம், கையை நீட்டிக் காட்டாமல் வாயால் சொல்வது. நீட்டின கை ஒன்று போதும், பறவை பறப்பதற்கு.

பைனாகுலர் பற்றி எப்போதும் கேட்பார்கள். பத்து மடங்கு பெருக்கம் இருந்தால்தான் வாங்குவேன் என்று அடம்பிடிக்கிற புதியவர்களுக்கு என் பதில் 8x42. எட்டு மடங்கு பெருக்கம், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். காட்சி அகலம், கை நடுக்கம் குறைவாகத் தெரியும், விடியலின் அரை வெளிச்சத்திலும் வேலை செய்யும். ஏரிக்கு எப்படியும் ஸ்கோப், அதாவது ட்ரைபாடில் நிறுத்திப் பார்க்கிற தொலைநோக்கி, வேண்டும். அது பத்துப் பேருக்கு ஒன்று இருந்தால் போதும்.

இனி என் மானம் போன கதை. ஏழரை மணி வாக்கில், தாழ்வாக, இறக்கையை ஆங்கில 'வி' எழுத்துப் போல லேசாக உயர்த்திப் பிடித்தபடி ஒரு பறவை புல்லின் மேல் தவழ்ந்து வந்தது. பூனைப்பருந்து வகை என்பதில் சந்தேகமே இல்லை. பழுப்பு உடம்பு, வால் தொடங்குகிற இடத்தில் வெள்ளைப் பட்டை. "மாண்டேகு பூனைப்பருந்து, பெண்" என்று உரக்கச் சொன்னேன். பத்துப் பேரும் நோட்டில் எழுதினார்கள். அரை மணி கழித்து இரண்டு அணியும் சந்தித்தபோது, கேமராத் தங்கை அதே பறவையின் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். "அண்ணா, கழுத்தைப் பாருங்க." கன்னத்துக் கருப்புக்குப் பின்னால் தெளிவாக ஒரு வெளிர் வளையம், அதற்கும் பின்னால் கழுத்தில் கருமை. அது வெளிறிய பூனைப்பருந்து. பெண்ணாகவும் இளசாகவும் இருக்கும்போது இந்த இரண்டையும் தூரத்தில் பிரிப்பது கஷ்டம் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான்.

நான் உடனே ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். ஒப்புக்கொள்ளவில்லை. "வெளிச்சக் கோணம் அப்படிக் காட்டும்" என்று ஐந்து நிமிடம் வாதாடினேன். பெரியவர் இடையில் புகுந்து, "எதுவா இருந்தா என்ன, எலி பிடிக்கப் போகுது" என்றார். எல்லோரும் சிரித்ததில்தான் இறங்கி வந்தேன். வழிநடத்துகிறவர் முதல் ஆளாக வாயைத் திறந்தால் மற்ற பத்துப் பேரின் கண்ணும் அத்தோடு மூடிக்கொள்கிறது. இப்போதெல்லாம் முதலில் புதியவர்களைக் கேட்கிறேன்: அளவு என்ன, இறக்கையை எப்படிப் பிடிக்கிறது, வாலில் என்ன இருக்கிறது? பெயர் கடைசியில். உறுதியாகத் தெரியாவிட்டால் 'பூனைப்பருந்து வகை' என்று எழுதிவிட்டுப் போகலாம். பார்த்த பறவைகளை யார் வேண்டுமானாலும் பதிவு செய்கிற, 2002-ல் தொடங்கிய இ-பேர்ட் இணையதளத்திலும் இனம் வரை போகாமல் அப்படிப் பதிவு செய்ய வசதி இருக்கிறது. தெரியாததைத் தெரியவில்லை என்று பதிவு செய்வது, தப்பாகத் தெரிந்ததைவிடப் பல மடங்கு உதவி.

புல்வெளி முடிகிற இடத்தில் லாரிகள் போய் வந்த பழைய சரளைச் சாலை. மொட்டைத் தரை, கல், தூசி. ஒன்றும் இருக்காது என்று புதியவர்கள் வேகமாகக் கடந்தார்கள். அங்கேதான் பட்டாணி உப்புக்கொத்தி. கல்லுக்குள் கல்லாக நின்று, நாலு அடி ஓடி, சட்டென்று நின்று, மறுபடி கல்லாகிவிடும். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்த பிறகுதான் அது உயிர் என்று நம்பிக்கை வரும். மனிதன் தோண்டிப் போட்ட இடங்களைத் தேடி வருவதில் இது கெட்டிக்காரப் பறவை. பிரிட்டனில் இது முதன்முதலாக முட்டையிட்டது 1938-ல். அதன் பிறகு நாடு முழுக்கப் பரவியது பெரும்பாலும் சரளை தோண்டிய பள்ளங்கள் வழியாகத்தான். முட்டைக் காலத்தில் இப்படிப்பட்ட சாலையில் கால் வைப்பதே ஆபத்து. நான்கு முட்டையும் சரளைக் கல் மாதிரியே இருக்கும். வேறொரு முறை இதே சாலையில் ஒரு தாய்ப்பறவை எங்கள் முன்னால் இறக்கை ஒடிந்தது போல இழுத்து இழுத்து நடந்தது. ஒருவர் பாவப்பட்டு அதைப் பிடிக்கப் போனார். அது நாடகம். கூட்டிலிருந்து நம்மை வேறு பக்கம் இழுக்கிற வேலை. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான், வந்த தடத்திலேயே கால் பதித்துத் திரும்புவது.

ஒன்பதரைக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. மீட்ட நிலத்தில் நிழல் என்று ஒன்று கிடையாது, ஒதுங்குவதற்கும் இடம் கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. பெண்கள் இரண்டு பேர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சமாளித்துக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. காரணம் கேட்டபோது ஓர் அக்கா நேராகவே சொன்னார்: "குடிச்சா எங்க போறது?" பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அடுத்த முறை முதல், கழிப்பறை இருக்கிற வாயில் பக்கத்துக்கு நடுவில் ஒரு தடவை எல்லோரும் திரும்புகிற மாதிரி வழியை அமைத்தேன். பறவை நாலு குறைந்தாலும் பரவாயில்லை.

பிறகு ஏரிகள். மூன்று நீர்நிலை அடுத்தடுத்து. முதலாவது செம்மண் கரைத்தது போல ஆரஞ்சு நிறம். இரண்டாவது கண்ணைப் பறிக்கிற நீலப்பச்சை, அடிவரை தெரிகிற தெளிவு. மூன்றாவது கலங்கல், ஓரமெல்லாம் பாசி, ஈ மொய்க்கிறது. எல்லோரும் இரண்டாவதை நோக்கி ஓடினார்கள். செல்ஃபிக்கு ஏற்ற ஏரி. அரை மணி நேரம் ஸ்கோப் வைத்துத் தேடினோம். ஒற்றை முக்குளிப்பான்கூட இல்லை.

"அது அழகாத்தான் இருக்கும். அதுல ஒண்ணும் இருக்காது" என்றார் பெரியவர். நிலக்கரியோடு சேர்ந்து வெளியே வருகிற பாறையில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் இருக்கும். காற்றும் தண்ணீரும் படும்போது அதிலிருந்து கந்தக அமிலம் உண்டாகிறது, இரும்பு கரைகிறது. அந்த இரும்பு பிறகு துருவாகப் படிகிற இடத்தில்தான் ஆரஞ்சு நிறம். அமிலம் ஏறிய நீரில் பாசியும் பூச்சியும் மீனும் தங்காது. தங்காததால்தான் அந்தத் தெளிவு. கலங்கின குட்டையில் உயிர் இருக்கிறது, பளிங்கு ஏரி பட்டினி. சுரங்க நீரில் வெறும் பட்டினியோடு போகாத இடமும் உண்டு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பியூட் நகரத்தில் பெர்க்லி பிட் என்ற பழைய செம்புச் சுரங்கக் குழி இருக்கிறது. 1982-ல் பம்புகளை நிறுத்திய பிறகு அமிலமும் உலோகங்களும் கலந்த நீர் நிரம்பியது. 1995-ல் அதில் இறங்கிய பனி வாத்துகளில் 342 செத்து மிதந்தன. 2016 நவம்பரில் ஒரு பனிப்புயலில் பெருங்கூட்டம் இறங்கியபோது மூவாயிரத்துக்கும் மேல் செத்தன. வானத்திலிருந்து பார்க்கிற வாத்துக்கு எல்லாத் தண்ணீரும் தண்ணீர்தான்.

கரைக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்க்கலாமா என்று இளசுகள் கேட்டார்கள். பெரியவர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் குரலை உயர்த்தினார். கொட்டி நிரப்பிய மண், கட்டாந்தரை மாதிரி இறுகி நிற்காது. நிலத்தடி நீர் ஏற ஏற உள்ளே ஊறிக் குழம்பாகி, கரை மொத்தமாக வழுக்கிப் போகும். 2009 ஜூலையில் ஜெர்மனியின் நாக்டெர்ஷ்டெட் ஊரில், பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த ஏரியின் கரை சரிந்து, வீடுகளோடு மூன்று பேர் உள்ளே போனார்கள். பல காலமாக ஆட்கள் குடியிருந்த கரை அது. விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, பழைய சாலையின் மேல் நின்று ஸ்கோப்பில் பார்த்தால் போதும். விரிசல் தெரிந்தால் அதற்கு அப்பால் கால் வைக்கக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் கால் வைத்தவர் ஒருவர் உண்டு. ஏரியில் இல்லை, அதைவிடச் சாதுவாகத் தெரிந்த இடத்தில்.

பழைய தெளிகுட்டை ஒன்று. நீர் வற்றி, மேல்பரப்பு வெடித்து, ஓடு ஓடாகப் பாளம் பிரிந்து கிடந்தது. பார்த்தால் காய்ந்த வயல். அதன் நடுவில் கொஞ்சம் ஈரம், அங்கே ஒரு கோரை உள்ளான். கல்லூரிப் பையன் ஒருவன் படத்துக்காகக் குனிந்தபடி போனான். நாலாவது அடியில் பாளம் உடைந்து வலது கால் முழங்கால் வரை இறங்கியது. காலை உருவ இடது காலை ஊன்றினான், அதுவும் இறங்கியது. சேறு சாம்பல் நிறத்தில், தயிர் போல வழவழவென்று மேலே பிதுங்கி வந்தது. அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது, இன்னும் விளையாட்டு என்றுதான் நினைத்தான். இரண்டு பேர் ஓடிப்போய்க் கை கொடுக்கப் பார்த்தார்கள். பெரியவர் போட்ட சத்தத்தில் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"உதறாதே! உட்காரு. அப்படியே பின்னால சாஞ்சு படு." அவன் தயங்கினான், முதுகில் புதுப் பை. "பையைக் கழட்டிக் கீழ போட்டு அது மேல சாயிடா!" சாய்ந்தான். உடம்பின் பாரம் பரவியதும் இறங்குவது நின்றது. எங்களிடம் இருந்த இரண்டு ட்ரைபாட்களைக் கால் மடக்கிப் படுக்கைவாட்டில் நீட்டினோம். அவன் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி, சேற்றுக்கும் காலுக்கும் நடுவில் தண்ணீர் நுழைய விட்டு உருவினான். பிறகு அடுத்த கால். கால் மணி நேரம் ஆனது. வலது கால் ஷூ வரவில்லை. இப்போதும் அங்கேதான் இருக்கும். நாங்கள் யாரும் பேசாமல் நின்றோம். பையன் ஒற்றைக் காலில் ஷூவோடு உட்கார்ந்து, "கோரை உள்ளான்தானே அது, சரியா எழுதிக்கோங்க" என்றான்.

தெளிகுட்டையின் அடியில் இருப்பது மணல் இல்லை, மாவு போல அரைபட்ட களி. மேலே விரல்கடை அளவுதான் காய்ந்திருக்கும், உள்ளே வருடக்கணக்கில் ஈரம் போகாது. செடி அடர்ந்து முளைத்திருந்தால் கொஞ்சம் நம்பலாம் என்று நினைப்பீர்கள், அதையும் நம்பக் கூடாது என்றார் பெரியவர். கோரை மிதந்துகொண்டும் நிற்கும். கரையைத் தாண்டி இறங்குவதே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. பையன் பக்கம் நியாயம் பேசினால், இறங்கக் கூடாது என்று நான் ஏரியைப் பற்றித்தான் சொல்லியிருந்தேன், குட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே சொல்ல வேண்டிய ஆள் நான்.

மதியம் நிழல் தேடி வாயில் பக்கம் திரும்பி, மூன்று மணிக்கு மேல் மூன்றாவது நீர்நிலைக்கு வந்தோம். இங்கே ஒரு விஷயத்தை மட்டும் தற்செயலாகச் சரியாகச் செய்திருந்தேன். ஏரிக்கு மேற்கே நின்றோம். மாலை வெயில் முதுகில் விழுந்து, எதிரே இருந்த ஒவ்வொரு பறவையின் மேலும் நேராக அடித்தது. முந்தின வாரம் இடம் பார்க்க வந்தபோது இதே கரையில் காலையில் நின்றேன். சூரியன் எதிரே. அத்தனையும் கறுப்புப் பொம்மை. நீர்நிலைக்குப் போகிற நேரத்தை முடிவு செய்வதற்கு முன், எந்தக் கரையில் நிற்க முடியும் என்று பார்க்க வேண்டும். காலையானால் கிழக்குக் கரை, மாலையானால் மேற்கு. பறவை நிறைய இருந்தும் பெயர் வைக்க முடியாமல் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் சூரியனை எதிரே வைத்துக்கொண்டவர்கள்தான்.

அந்தக் கலங்கல் தண்ணீரில் கிட்டத்தட்ட எல்லோரும் இருந்தார்கள். ஊசிவால் வாத்துகள் தலைகீழாகக் குத்தி நின்று வாலை மட்டும் வெளியே காட்டின. தட்டைவாயன்கள் அகலமான அலகைத் தண்ணீரில் வைத்துச் சல்லடை போட்டபடி வட்டமிட்டன. நாமக்கோழிகளின் ஓயாத பஞ்சாயத்து. ஆழம் குறைந்த ஓரத்தில் நெடுங்கால் உள்ளான், அதைவிட ஆழம் குறைந்த இடத்தில் பொரி உள்ளான், வெறும் ஈரச் சேற்றில் தையல் ஊசி போலக் குத்திக்கொண்டே ஓடும் கொசு உள்ளான். கால் நீளத்துக்கு ஏற்ற ஆழம், அலகு நீளத்துக்கு ஏற்ற சேறு. இந்த வரிசையைப் புதியவர்களுக்குக் காட்டிவிட்டால், பெயர் தெரியாவிட்டாலும் எங்கே எதைத் தேடுவது என்று தெரிந்துவிடும். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் செயின்ட் எய்டன்ஸ் என்ற இடம் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கமாக இருந்தது. 1988-ல் ஏர் ஆறு கரையை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து சுரங்கத்தையே ஏரியாக்கியது. இன்று அது பறவைகளுக்கான காப்பிடம். சுரங்கத்தில் மண் அள்ளிய ராட்சத இயந்திரம் ஒன்றைப் பக்கத்திலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது பெரியவர் முதல்முறையாக ஆர்வமாகக் கேட்டார், என்ன மாடல் என்று.

எண்ணுவதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு. வாத்து இருநூறு என்று ஒருவர், ஐந்நூறு என்று இன்னொருவர். பத்து வாத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று முதலில் கண்ணால் அளந்துகொண்டு, அந்தப் பத்தைக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போகச் சொன்னேன். மூன்று பேர் தனித்தனியாக எண்ணி, ஒருவர் காதில் ஒருவர் சொல்லாமல் எழுதினார்கள்: 310, 340, 330. பாதியில் ஒரு பொரி வல்லூறு குறுக்கே பாய்ந்து மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிவிட்டது. அதற்குள் எண்ணியிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். நீர்நிலைக்கு வந்ததும் முதலில் எண்ணிவிட்டு, அப்புறம் ரசியுங்கள்.

புல்வெளிக்கு ஒரு பட்டியல், ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு பட்டியல், குட்டைக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பதிவு செய்தோம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் '61 வகை' என்று பெருமையாக ஓர் எண் கிடைக்கும். நாளைக்கு யாராவது அந்த நீல ஏரியைச் சரிசெய்து அதில் பறவை வந்ததா என்று பார்க்க நினைத்தால், அந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நீல ஏரிக்கான எங்கள் பட்டியலில் அரை மணி நேரம், பதினொரு பார்வையாளர்கள், வகை பூஜ்யம்.

கிளம்பும் நேரத்தில் பெரியவர்தான் நிறுத்தினார். "சாயங்காலம் அந்தப் பருந்தெல்லாம் புல்லுல வந்து இறங்கும். பார்த்துட்டுப் போங்க." குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் மரத்தில் அடையாமல், கூட்டமாகப் புல்லுக்குள் தரையிலேயே இரவு தங்கும் என்று படித்திருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். அவை தங்குகிற இடம் இதுதான் என்று தெரிந்திருந்தது அவருக்கு. ஷிஃப்ட் முடிந்து போகும்போது பல வருடமாகப் பார்த்திருக்கிறார்.

சாலையை விட்டு இறங்காமல், வண்டிகளின் பின்னால் ஒதுங்கி நின்றோம். ஒரு முறை மிதித்துக் கலைத்தால் இரவு முழுக்க அவை வேறு இடம் தேடி அலைய வேண்டும். முதல் பறவை ஐந்தே முக்காலுக்கு வந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு கல் விழுவது போலப் புல்லுக்குள் இறங்கியது. அடுத்தது வேறு திசையிலிருந்து. சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று, சாம்பல் நிற ஆண் ஒன்று, பிறகு பெயர் வைக்க முடியாத பழுப்புகள். யாரும் பெயர் கேட்கவில்லை. வெளிச்சம் போன பிறகு எங்கள் கணக்குப் பதினைந்து. பெரியவர் பதினேழு என்றார். சராசரியாகப் பதினாறு என்று போட்டுக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். பதினைந்து என்றே எழுதினோம். வாயிற்கதவு வரைக்கும் அவர் பதினேழு என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்.